கொழிஞ்சாம்பாறை போர்வெல் தண்ணீருக்கு எந்த ஃபில்டர்?

ஃபில்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுப்பது டிடிஎஸ் மீட்டரைத்தான். தண்ணீரில் முக்கினால் 600, 900 என்று ஒரு எண் வரும், உடனே "ஆர்ஓ போட்ருங்க" என்பார். அந்த மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை மட்டும்தான். கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. எந்த உப்பு, கிருமி இருக்கிறதா, இதெல்லாம் அதில் வராது.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் இருக்கிற நமக்கு இது ரொம்ப முக்கியம். கேரளத்தில் இருந்தாலும் இங்கே மழை குறைவு, போர் தண்ணீரை நம்பிய வீடுகள் நிறைய, பாறையிலிருந்து ஃபுளோரைடு அந்தத் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் கூடுதலாக, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். மீட்டரில் 500 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 2 இருக்கலாம், 1500 காட்டுவதில் அரை மில்லிகிராம்கூட இல்லாமலும் இருக்கலாம். நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது.

கொதிக்க வைத்தால் போதாதா? சீரக வெள்ளமோ பதிமுக வெள்ளமோ, ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கொஞ்சம் ஏறவும் செய்யும்.

ஃபில்டருக்குள் இருக்கும் கரி பெரும்பாலும் நம் ஊர்ச் சிரட்டையிலிருந்து வருவதுதான். சிரட்டையைக் காற்று படாமல் கரியாக்கி, சுமார் 900 டிகிரி சூட்டில் அதற்குள் நீராவியைச் செலுத்துவார்கள், அப்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகி, ஒரே ஒரு கிராம் கரிக்குள் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு கிடைக்கிறது. குளோரின், வாடை, சில பூச்சிமருந்துகள் எல்லாம் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் ஃபுளோரைடும் நிற்காமல் கடந்து போய்விடும். இன்னொன்று, கிருமியைத் தடுத்துக்கொண்டிருந்த குளோரினையும் கரி எடுத்துவிடுவதால் பழைய கரிக்குள்ளேயே பாக்டீரியா பெருகும். காலம் முடிந்த கார்ட்ரிட்ஜை மாற்றாமல் ஓட்டுவது நல்லதே இல்லை. யுவி விளக்கு 254 நானோமீட்டர் ஒளியால் கிருமியின் டிஎன்ஏவைக் கெடுத்து அது பெருகாமல் செய்கிறது, ஆனால் கலங்கல் தண்ணீரில் அந்த ஒளி உள்ளே போகாது.

ஆர்ஓ வேறு மாதிரி. சவ்வின் ஒரு பக்கம் உப்பு அதிகம் இருந்தால், நல்ல தண்ணீர் தானாகவே அந்தப் பக்கம் போகும். பம்ப் அழுத்தம் கொடுத்து அதைத் திருப்பி ஓட விடுகிறது. இதற்கு உதவும் சவ்வை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் உருவாக்கியவர்கள் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும். நல்ல நிலையில் உள்ள சவ்வு ஃபுளோரைடில் 90 சதவீதத்துக்கு மேல் நிறுத்திவிடும்.

அதனால் முதலில் தண்ணீரை லேபுக்குக் கொடுங்கள், ஃபுளோரைடு பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். டிடிஎஸ் 500க்குக் கீழே, ஃபுளோரைடும் 1க்குள், ஆற்றிலிருந்து வரும் பைப்பு தண்ணீர் என்றால் கரியும் யுவியும் போதும், ஆர்ஓ வீண் செலவு. ஃபுளோரைடு கூடுதல் என்றால் ஆர்ஓ, இல்லாவிட்டால் அதற்கென்றே உள்ள ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர்.

அப்புறம் அந்தக் கழிவுத் தண்ணீர். 4 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் நல்லதாக வந்தால், 2 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்த தண்ணீர் கழிவுக் குழாயில் 2.6 ஆக வெளியே வரும். மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள், மாட்டுக்கும் பல்லும் எலும்பும் கெடும். தரை துடைக்கலாம், கக்கூஸில் ஊற்றலாம்.