ஸ்டேபிள் கன்: கவ்வாணிப் பொறி

நாற்காலி இருக்கைக்குப் புது ரெக்சின் போடும்போது கைக்கு வருவது ஸ்டேபிள் கன். ஹார்டுவேர் கடையில் கன் டேக்கர் என்று கேட்டாலும் கிடைக்கும். அதில் போடுவதைப் 'பின்' என்கிறோம். குண்டூசியும் பின்தான், சேலையில் குத்துவதும் பின்தான். இரண்டு கால் உள்ள இந்தக் கம்பிக்குத் தமிழில் தனிப்பெயர் வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்டேபிள் என்பதன் வேர் பழைய ஆங்கிலத்தில் தூணைக் குறித்த 'ஸ்டாபொல்' என்ற சொல். தமிழிலும் 'கால்' என்றால் தூண்: ஆயிரங்கால் மண்டபம், பந்தக்கால். இந்தப் பின்னின் இரு முனைகளையும் நாம் கால் என்றே சொல்கிறோம்! அரிசியை 'ஸ்டேபிள் ஃபுட்' என்கிறார்களே, அதுவும் அதே வேர்தான்; டச்சு, பிரெஞ்சு வழியாகச் சுற்றி, சந்தை, சரக்கு என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குத் திரும்பியது.

காகிதத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, கதவு நிலையில் அடித்த வளைந்த இரும்புக்கு ஸ்டேபிள் என்று பெயர். கொண்டியை அதில் மாட்டிப் பூட்டுவார்கள். நம் வீட்டுக் கதவில் அதுதானே நாதாங்கி? நா + தாங்கி, தாழ்ப்பாளின் நாக்கைத் தாங்குவது. எவ்வளவு அழகான சொல்! ஆனால் ரெக்சினை மரத்தோடு பிடிக்கும் கம்பி எதையும் தாங்குவதில்லை, கவ்வுகிறது. அதனால் கவ்வாணி என்பேன். பட்டறையில் "கவ்வாணி எடு" என்று ஒரே மூச்சில் சொல்லலாம்.

சரி, கன்? துப்பாக்கி என்று மாற்றிப் பயனில்லை. அந்தச் சொல்லே துருக்கியிலிருந்து வந்ததுதான். இக்கருவியின் பிடியை அமுக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும். ஒரு கட்டத்தில் படக்கென்று விடுபட்டு ஆணியை அறையும். எலிப்பொறியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே கவ்வாணிப் பொறி. செய்யும் வேலைக்குத் 'தைத்தல்' போதும். முள் தைக்கிறது, துணி தைக்கிறோம், மந்தார இலையை ஈர்க்கால் தைக்கிறோம். குத்துவது, இணைப்பது இரண்டும் அந்த ஒரு வினையில் இருக்கின்றன.

காகிதத்தில் கால்கள் அடியில் மடங்கிப் பிடிக்கும். மரத்தில் மடங்குவதில்லை; நார் இரு பக்கமும் நெருக்குவதால்தான் பிடி. இது புரியாமல் ஒரு நாற்காலிச் சட்டத்தில் எல்லாக் கவ்வாணியையும் மர ரேகையின் போக்கிலேயே வரிசையாக அடித்தேன். இரண்டு காலும் ஒரே ரேகையில் இறங்க, நாலாவது ஆணியில் சட்டம் மயிரிழையாய் விரிந்தது. ரேகைக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ வைத்தால் ஒவ்வொரு காலும் வேறு ரேகையில் இறங்கும், பிடியும் கூடும்.

தேக்கு மாதிரிக் கெட்டியான மரத்துக்கு 6 அல்லது 8 மி.மீ. கால் போதும். மென்மையான மரத்துக்கு 10, 12 வரை போகலாம். கெட்டி மரத்தில் நீளக் கால் பாதியிலேயே மடங்கி நிற்கும். பொறியின் மூக்கு மரத்தில் இடைவெளியின்றிப் பதிய வேண்டும். அறையும்போது பொறி பின்னுக்கு எகிறும். மற்றக் கையால் மூக்குக்கு மேலே அழுத்திக்கொள்ளுங்கள். கவ்வாணியின் முதுகு கொஞ்சம் தூக்கி நின்றால் சுத்தியலால் இரண்டு தட்டு. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்க வேண்டாம், வேலை முடிந்ததும் பிடியின் கொக்கியை மாட்டிவிடுங்கள்.

அப்புறம், தவறாக விழுந்ததைக் கழற்ற, தட்டை ஸ்க்ரூடிரைவரை முதுகுக்கு அடியில் நுழைத்து இருபுறமும் மெல்ல அசையுங்கள். ஒரே பக்கம் நெம்பினால் ஒரு கால் ஒடிந்து மரத்துக்குள்ளேயே நின்றுவிடும்.