‘ஆல்டைம் கிரேட்’: ஓர் உம்மைக்குள் அடங்கிய தீர்ப்பு

குத்துச்சண்டையைப் பற்றிய வாதம் எங்கே தொடங்கினாலும் ‘ஆல்டைம் கிரேட்’ என்ற சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. மைக் டைசன் ஆல்டைம் கிரேட்டா, இல்லையா என்று மணிக்கணக்கில் வாதிடுவோர் பெரும்பாலும் டைசனைப் பற்றி வேறுபடுவதில்லை. அவருடைய வெற்றிகளும் தோல்விகளும் இரு தரப்புக்கும் மனப்பாடம். வேறுபாடு சொல்லில்தான் இருக்கிறது. ஒருவர் அதை ‘மிகப் பெரிய வீரர்’ என்ற பொருளில் ஆள, மற்றவர் ‘எந்தக் காலத்து வீரரோடு நிறுத்தினாலும் குன்றாதவர்’ என்ற பொருளில் ஆள்கிறார். ஆகவே இச்சொல்லின் பொருளை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டு, அதற்குரிய தமிழைத் தேடுவது முறையாகும்.

‘கிரேட்’ பழைய ஆங்கிலத்தில் பருமனையும் தடிப்பையும் குறித்தது. ஜெர்மன் மொழியில் ‘பெரிய’ என்று பொருள்படும் ‘குரோஸ்’ அதன் உடன்பிறப்பு. உருவத்தின் அளவைச் சொன்ன சொல் நாளடைவில் மதிப்பின் அளவைச் சொல்லத் தொடங்கியது. தமிழில் ‘பெரு’ என்ற அடை சென்ற வழியும் இதுவே. பெருமலை, பெருவெள்ளம் என்று உருவத்தைச் சொன்ன அதே அடைதான் பெருந்தகை, பெருமை, பெரியோர் என்று மதிப்புக்கும் வந்து நிற்கிறது. எனவே ‘கிரேட்’ என்பதற்குப் ‘பெருவீரர்’ என்பது எவ்வித வலிந்த முயற்சியும் இன்றிப் பொருந்தும். சிக்கல் ‘ஆல்டைம்’ என்ற முன்பாதியில் இருக்கிறது.

‘ஆல்டைம்’ அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் கடந்த நூற்றாண்டில் வேரூன்றிய அடைமொழி. கணக்கு எழுதத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை உள்ள அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்ப்பதே அதன் பொருள். கவனிக்க வேண்டியது, அதில் எதிர்காலம் இல்லை. நாளைக்கு ஒருவர் வந்து முந்திவிடலாம் என்பதை அச்சொல் மறுப்பதில்லை. நம் நாளிதழ்கள் எழுதும் ‘என்றென்றும்’, ‘காலமெல்லாம்’ போன்றவை ஆங்கிலச் சொல் தராத வாக்குறுதியைத் தந்துவிடுகின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஆல்டைம் கிரேட்’ என்பது ஒரு வகுப்பின் பெயர். அதில் இருபது பேரும் இருக்கலாம், ஐம்பது பேரும் இருக்கலாம். ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்பதோ ஒரே ஒருவருக்கு உரிய அரியணை. தமிழில் இரண்டையும் ‘எல்லாக் காலத்திலும் தலைசிறந்த வீரர்’ என்று ஒன்றாக எழுதிவிடுவதால், டைசனை வகுப்பில் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னால், அரியணையில் ஏற்றிவிட்டார் என்று மற்றவர் சண்டைக்கு வருகிறார். தமிழ் வழிச் சண்டைகளில் பாதி இந்த மொழிபெயர்ப்பால் மூள்கிறது என்பது என் எண்ணம்.

வழக்கில் உள்ள தமிழ்ச் சொற்களைப் பார்ப்போம். முதலில் ‘ஜாம்பவான்’. இராமாயணத்தில் கரடிகளின் தலைவனாக வரும் ஜாம்பவான், இளமையில் உலகளந்த திருமாலையே வலம் வந்தவன். கதை நடக்கும் காலத்திலோ மூப்படைந்தவன், கடலைத் தாண்ட இயலாத நிலையில் அனுமனுக்கு அவன் வலிமையை நினைவூட்டுபவன். ஆகவே இச்சொல் ஓய்வுபெற்ற மூத்த வீரருக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அது மரியாதைச் சொல்லே அன்றித் தீர்ப்புச் சொல் அன்று. மூப்பையும் அனுபவத்தையும் சொல்லுமே தவிர, ஒப்பீட்டைச் சொல்லாது.

‘சகாப்தம்’ இன்னும் வேடிக்கையானது. சக ஆண்டு என்ற பொருளில், கி.பி. 78-இல் தொடங்கும் ஆண்டுக்கணக்கைக் குறித்த வடசொல் அது. பிறகு ஒரு காலப்பகுதி என்று பொருள் விரிந்தது. ஒருவரைச் ‘சகாப்தம்’ என்றால் அவர் ஒரு காலத்தை ஆண்டார் என்றே ஆகும். எல்லாக் காலத்துக்கும் உரியவர் என்று சொல்லப்போய், ஒரே காலத்துக்குள் அவரை அடைத்துவிடுகிறோம்.

‘முடிசூடா மன்னன்’ என்பதைப் பட்டம் வென்ற வீரர்களுக்கே தாராளமாக வழங்குவது வழக்கமாகிவிட்டது. பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பவரை முடிசூடாதவர் என்பது என்ன கணக்கோ தெரியவில்லை. அந்தத் தொடருக்கு உண்மையில் உரிமையுடையவர் சாம் லாங்ஃபோர்டு. 1906-இல் தம்மைவிட மிகுந்த எடையுடைய ஜாக் ஜான்சனிடம் தோற்ற அவர், 1908-இல் ஜான்சன் உலகச் சாம்பியனான பிறகு பட்டப்போட்டிக்கு ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை. நிறவெறி மண்டிய அக்காலத்தில் கறுப்பின வீரர்கள் பலருக்குப் பட்டப்போட்டி எட்டாக்கனியாகவே இருந்தது. உலகப் பட்டமே பெறாத லாங்ஃபோர்டை வரலாற்றாசிரியர்கள் முதல் வரிசையில் வைக்கின்றனர் என்பதிலிருந்து, பெல்ட்டும் பெருமையும் ஒன்றல்ல என்பது விளங்கும்.

‘காலங்கடந்த வீரர்’ என்பது காதுக்கு இனிமையாக இருந்தாலும் ஆபத்தான தொடர். ‘காலங்கடந்த முடிவு’, ‘காலங்கடந்த ஞானம்’ என்னும்போது நாம் குறிப்பது தாமதத்தை. குத்துச்சண்டையில் காலங்கடந்த வீரர் என்றால், ஓய்வுபெற வேண்டிய வயதுக்குப் பிறகும் வளையத்துக்குள் இறங்கி அடிவாங்குபவர் என்றே வாசகர் எண்ணக்கூடும். அத்தகையோருக்கு இத்துறையில் பஞ்சமே இல்லை. 1980-இல் லாரி ஹோம்ஸிடம் முகம்மது அலி பட்ட அடியைப் பார்த்தவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

இவற்றையெல்லாம் கழித்தால் எஞ்சுவது ‘எக்காலம்’ என்ற வேர். இங்கேதான் தமிழ் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. ‘எக்காலம்’ என்பது தனியே நின்றால் வினா. யார், எங்கு, என்று என்பவை வினாக்கள். உம்மை சேர்ந்தால் யாரும், எங்கும், என்றும் என முழுமையைக் குறிக்கின்றன. அவ்வாறே ‘எக்காலத்துப் பெருவீரர்’ என்று உம்மையின்றி எழுதினால் ‘எந்தக் காலத்துப் பெருவீரர்?’ என்ற கேள்வியாகிவிடும். ‘எக்காலத்துக்கும் பெருவீரர்’ என்று எழுதினால் அதுவே விடையாகிவிடும். இலக்கண நூலார் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் முற்றும் உண்டு, சிறப்பும் உண்டு, ஐயமும் உண்டு. ஆல்டைம் கிரேட் வாதத்துக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கிறது அந்தப் பட்டியல். ஒரு வீரர் தம் காலத்துப் பெருவீரராக இருந்தார் என்பது எளிதில் நிறுவக்கூடியது. அந்த ‘உம்’மை அவர் ஈட்டினாரா என்பதே தீர்ப்பு.

டைசனை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். 1986 நவம்பர் 22 அன்று டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, 20 வயதும் 4 மாதமும் ஆன நிலையில் ஹெவிவெயிட் என்னும் மேல் எடைப்பிரிவின் உலகப் பட்டத்தை வென்ற மிக இளையவர் ஆனார். அந்தக் கடைசி இடக்கைக் கொக்கிக் குத்து ஒன்றுக்கே பெர்பிக் விழுந்து, எழுந்து, மீண்டும் தள்ளாடிக் கயிற்றின் மேல் சாய்ந்து, மறுபடியும் எழ முயன்று தரையில் உருண்ட காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. 1987-இல் டோனி டக்கரை வென்று, அப்போது தனித்தனி அமைப்புகள் வழங்கிவந்த மூன்று உலகப் பட்டங்களையும் ஒன்றாக்கினார். 1988 ஜனவரியில் ஹோம்ஸை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். 75 போட்டிகள் ஆடிய ஹோம்ஸ் நாக் அவுட் முறையில் தோற்றது அந்த ஒரே முறைதான். அதே ஆண்டு ஜூனில், அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் முடித்தார். சாம்பியனை வீழ்த்தியவரே சாம்பியன் என்ற மரபுவழிப் பட்டமும் அன்றே அவரிடம் வந்தது.

தம் காலத்துப் பெருவீரர் என்பதற்கு இவை போதும், மிகையும்கூட. ஆனால் எதிர்த்தரப்புக் கணக்கையும் எழுத வேண்டும். ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகப் போட்டியே ஆடாமல் இருந்தவர். ஸ்பிங்க்ஸ் கீழ் எடைப்பிரிவிலிருந்து ஏறி வந்தவர். 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில், 37 போட்டிகளில் தோல்வியறியாத டைசன், தோற்பார் என்று 42-க்கு 1 விகிதத்தில் பந்தயம் கட்டப்பட்ட பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்தார். பயிற்சியாளர் கெவின் ரூனியை அதற்கு முன்பே நீக்கியிருந்தார். சுற்றுகளுக்கு இடையே வளையத்தின் மூலையில் வீரரைக் கவனிக்கும் புதிய உதவியாளர்கள் வீக்கத்தை அமுக்கும் உலோகக் கருவியைக்கூட எடுத்து வராததால், ரப்பர் கையுறைக்குள் குளிர்நீரை ஊற்றி அவர் கண்மீது ஒற்றிக்கொண்டிருந்தனர். பத்தாம் சுற்றில் விழுந்த டைசன், தரையில் துழாவிப் பல்காப்பை எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் வாயில் கவ்வி, மறுமுனை வெளியே தொங்க எழுந்து நின்றபோது நடுவர் எண்ணி முடித்துவிட்டார்.

தோல்வி ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யாது. ஜோ லூயிஸ் 1936-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றார். 1938-இல் அவரை முதல் சுற்றிலேயே முடித்துக் கணக்கைத் தீர்த்தார். அலி 1971-இல் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். அடுத்து ஃபிரேசியரை இருமுறை வென்றார், இடையில் 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனையும் வீழ்த்தினார். டைசனின் ஏட்டில் இல்லாதது இந்தப் பக்கம்தான். தம்மை வீழ்த்திய எவரையும் அவர் திரும்ப வென்றதில்லை. டக்ளஸுடன் மறுபோட்டியே நடக்கவில்லை. எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் 1996-இல் தோற்று, 1997-இல் அவர் காதைக் கடித்துத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2002-இல் லெனாக்ஸ் லூயிஸிடம் எட்டாம் சுற்றில் சாய்ந்தார். விழுந்த பின் எழுந்து வென்ற போட்டி என்று ஒன்றையும் காட்ட இயலாது. டைசனின் உச்சக்காலத்தைச் சிறைவாசம் தின்றுவிட்டது என்பர். அலிக்கும் போட்டித் தடையால் 1967 முதல் 1970 வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பறிபோயின என்பதை நினைவில் கொண்டால் அந்த வாதம் பாதி வலுவிழக்கும்.

எனவே டைசனைப் பற்றி என் கருத்து இது: 1986-க்கும் 1988-க்கும் இடைப்பட்ட டைசனை எந்தக் காலத்து ஹெவிவெயிட் வீரரோடு மோதவிட்டாலும் அஞ்சத்தக்கவர், ஆனால் ‘எக்காலத்துக்கும்’ என்பது ஓர் உச்சத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் அடைமொழி அன்று. அவர் தம் காலத்துப் பெருவீரர். உம்மை கிடைக்கவில்லை.

இதற்கு மறுப்பாகச் சிலர் 2011-இல் அவர் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டதைக் காட்டுவர். நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டாவில் உள்ள அம்மண்டபம் வீரர்களோடு பயிற்சியாளர்கள், நடுவர்கள், போட்டி நடத்துவோர் எனப் பலரையும் சேர்த்துக்கொள்கிறது. டைசன் சேர்க்கப்பட்ட அதே ஆண்டில் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோனும் சேர்க்கப்பட்டார். புகழ் வேறு, வரிசை வேறு. தோல்வியின்மையும் அப்படியே. ராக்கி மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்று 1956-இல் ஓய்வுபெற்றார். அந்த எண்ணைக் காட்டியே அவரை உச்சியில் வைப்போர், அவரிடம் தோற்றபோது ஜோ லூயிஸுக்கு 37 வயது, ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38 வயது என்பதைச் சொல்வதில்லை. (மார்சியானோவுக்கு உம்மை உண்டென்றே நான் கருதுகிறேன், ஆனால் 49 என்ற எண்ணுக்காக அன்று, தோற்கும் தறுவாயிலிருந்து வால்காட்டைப் பதின்மூன்றாம் சுற்றில் சாய்த்த ஒரு வலக்கைக் குத்துக்காக.)

‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன ‘கோட்’ என்ற சுருக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நானே மிகப் பெரியவன்’ என்று அலி முழங்கியது உலகறிந்தது. அவர் மனைவி 1992-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்றே பெயரிட்டார். அதற்கு முன் அமெரிக்க விளையாட்டு வழக்கில் ‘கோட்’ என்றால் தோல்விக்குப் பழி சுமப்பவர், நம் ‘பலிகடா’. வசைச்சொல் வாழ்த்தாக மாறிவிட்டது. தமிழில் அப்படியே எழுதினால் ஆடா, மேலங்கியா என்ற ஐயமே எழும். இதற்குப் புதுச்சொல் புனைய வேண்டியதில்லை. ‘ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர்’ என்ற தொடர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிகரானவரும் இல்லை, மேலானவரும் இல்லை என்று இரண்டையும் மறுப்பதால் அது ஒருவருக்கு மேல் பொருந்த இடம் தராது.

ஆகவே வகுப்பைக் குறிக்க ‘எக்காலத்துக்கும் பெருவீரர்’ என்றும், அரியணையைக் குறிக்க ‘ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர்’ என்றும் பிரித்து எழுதலாம். வகுப்புக்குப் பன்மை வரும்: ஜோ லூயிஸ், அலி, லாங்ஃபோர்டு எல்லாரும் எக்காலத்துக்கும் பெருவீரர்கள். அரியணைக்கு வராது. அதில் நான் உட்கார வைப்பது சுகர் ரே ராபின்சனை: 1943-இல் ஜேக் லாமோட்டாவிடம் தோற்றபின் 1951-இல் ராண்டி டர்பினிடம் தோற்கும் வரை 91 போட்டிகளில் தோல்வியின்றி நின்றவர், டர்பினை இரண்டே மாதத்தில் திரும்ப வென்றவர், மிடில்வெயிட் பட்டத்தை ஐந்தாம் முறையாக 1958-இல் கைப்பற்றியபோது 36 வயதானவர். அலியே தம் ஆதர்சமாகக் கொண்டது அவரைத்தான்.