ஸ்டென்ட் வெச்சா துடிப்பும் சரியாயிடும்னு யாரு சொன்னா?

இந்த மாசம் இது மூணாவது ஆளு. தேவனாம்பட்டினத்து மீனவர், 54 வயசு, 6 வருஷம் முன்னாடி அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சவரு. வலை இழுக்கும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்துக் கொட்டியிருக்கு, ஒரு இடத்துல இசிஜி எடுத்துட்டு கேஸ் ட்ரபுள்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுவாரம் வாசல்லயே மயங்கி விழுந்து, பாண்டியில எங்ககிட்ட வந்தப்போ பல்ஸ் 190, ஷாக் குடுத்துதான் நிறுத்தினோம்.

அவரு சம்சாரம் கேட்டாங்க, "அடைப்பே இல்லன்னு ஆஞ்சியோல சொன்னாங்களே சார், அப்புறம் எதுக்கு ஹார்ட்டுல சூடு வெக்கணும்?"

எத்தனை தடவை சொல்றது! ஸ்டென்ட் ரத்தக்குழாயைத்தான் திறக்கும். அட்டாக்ல செத்துப்போன தசை தழும்பா மாறி அங்கயேதான் இருக்கும், அதை எந்த ஸ்டென்டும் அழிக்காது. அந்தத் தழும்புக்குள்ள மிச்சம் மீதி உயிரோட இருக்கற இழைங்க வழியா கரண்ட் மெதுவா போயி சுத்திக்கிட்டே இருக்கும், அதுதான் விடி (வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா), ஹார்ட்டோட கீழ் அறையில கிளம்பற அதிவேகத் துடிப்பு. அட்டாக் வந்து பல வருஷம் கழிச்சும் வரும், ஆஞ்சியோ சுத்தமா இருந்தாலும் வரும், ஆளைக் கொல்லும்.

உடம்புக்குள்ள பொருத்தி, துடிப்பு தப்பினா தானா ஷாக் குடுக்கற ஐசிடி மெஷின் இருக்கேம்பாங்க. அது வந்த விடியை நிறுத்தும், வராம தடுக்காது. விடி திரும்பத் திரும்ப வந்து ஷாக் அடிச்சா அப்லேஷன், அதாவது அந்தம்மா கேட்ட அந்தச் சூடு. நெஞ்சைப் பிளக்கறதில்லங்க, தொடை இடுக்குல ரத்தக்குழாய் வழியா கதீட்டர்ங்கற மெல்லிசு குழாயை விட்டு, ஹார்ட்டுல கரண்ட் போற பாதையை மேப் போட்டு, கோளாறான இடத்துல மட்டும் சூடு வெப்போம். ரத்தக்கசிவு, ஸ்ட்ரோக் மாதிரி ரிஸ்க் கொஞ்சம் உண்டு, மறைக்க மாட்டேன். இதைப் பண்ணிட்டோம்னு ஐசிடியைக் கழட்டவும் முடியாது.

இன்னொண்ணு. முதல் தடவை படபடப்பு வந்தப்போ எடுத்த அந்த இசிஜிதான் எங்களுக்குத் தங்கம், விடி எங்கேர்ந்து கிளம்புதுன்னு அதுதான் காட்டிக்குடுக்கும். பத்திரமா இருக்கட்டும்னு அதை லேமினேஷன் பண்ணி ரேஷன் கார்டு கவர்ல வெச்சுக் கொண்டுவந்தாங்க. சூடு பட்டா கறுத்துப்போற பேப்பர் அது, மொத்தமும் கருப்பு. எடுத்த உடனே போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, தயவுசெஞ்சு.

அட்டாக் வந்தவங்களுக்குப் படபடப்போட மயக்கமும் வந்தா சோடா குடிச்சுட்டு படுக்காதீங்க, கடலூர்லேர்ந்து பஸ் ஏறியும் வராதீங்க, 108 கூப்பிடுங்க. நல்லாயிடுச்சுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. துடிப்பைக் கட்டுப்படுத்தற அமியோடரோன் மாத்திரை சாப்பிடறவங்க 6 மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டும் லிவரும் டெஸ்ட் பண்ணிக்கணும். மயங்கி விழுந்தவரு டாக்டர் சொல்றவரைக்கும் பைக்கைத் தொடக்கூடாது, தனியா கடலுக்கும் போகக்கூடாது.