ஸ்டார் அலைன்மென்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கார் பட்டறைப் பலகைகளில் 'வீல் அலைன்மென்ட்' என்று பார்த்திருப்போம். தொலைநோக்கிக்காரர்கள் சொல்வதும் அதே சொல்தான், வேலை மட்டும் வேறு.

லத்தீனில் 'லீனம்' என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. அது பிரெஞ்சில் கோடாகி, கோட்டில் நிறுத்துவது 'அலைன்' ஆனது. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிறாரே, அந்தப் பொருள்தான்.

ஆனால் ஸ்டார் அலைன்மென்டில் எதையும் கோட்டில் நிறுத்துவதில்லை. இடத்தையும் நேரத்தையும் கொடுத்துவிட்டாலும், தானியங்கித் தொலைநோக்கிக்குத் தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரியாது. பளிச்சென்ற ஒரு விண்மீனைப் பார்வையின் நடுவில் கொண்டுவந்து, 'இதுதான் பீட்டல்ஜூஸ்' (நம் திருவாதிரை) என்று ரிமோட்டில் உறுதி செய்கிறோம். அடித்தட்டு துல்லியமாக மட்டத்தில் இருந்தால் ஒரு மீனே போதும். மொட்டை மாடித் தரையை யார் நம்புவது? மட்டம் தவறினால், அந்த மீனை அச்சாக வைத்து வான வரைபடத்தை எப்படியும் சுழற்றிவிடலாம். இரண்டாவது மீனைக் காட்டியதும் அந்தச் சுழற்சிக்கு இடமில்லாமல் போகிறது. அதனால்தான் இரண்டும் நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும்.

நடுவில் நிறுத்துவதிலும் சூட்சுமம் உண்டு. ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தால் மீன் வட்டத் தட்டாக விரியும். அதை மையத்தில் வைப்பது சுலபம். கடைசி நகர்த்தல் எப்போதும் ஒரே திசைப் பொத்தான்களில் முடியட்டும். இல்லாவிட்டால் பற்சக்கர இடைவெளி பிழையாகத் தங்கிவிடும்.

1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவிலிருந்து திரும்புகையில், கலத்தின் கணினியில் 01ஆம் விண்மீனைத் தேர்வதற்குப் பதில் 01ஆம் நிரலை அழுத்தினார் விண்வெளி வீரர் ஜிம் லவெல். கலத்தின் திசைக் கணக்கு அழிந்துபோனது. ரைஜெல், சிரியஸ் என்ற விண்மீன்களைப் பார்த்துத்தான் அதை மீட்டார்.

சரி, தமிழில்? 'நேர்ப்படுத்தல்' சக்கரத்துக்குப் பொருந்தும், இதற்கு ஒட்டவில்லை. 'நட்சத்திரப் பொருத்தம்' என்றால் ஜாதகத்தை எடுத்து வந்துவிடுவார்கள். நடப்பது திசையறிதல், கருவியின் கணக்கையும் வானத்தையும் பொருத்துவதால் 'திசைப்பொருத்தம்' என்பது என் தேர்வு.

போலார் அலைன்மென்டை இதோடு குழப்ப வேண்டாம். அங்கே தொலைநோக்கியைத் தாங்கும் தாங்கியின் அச்சையே வான துருவத்துக்கு நேராகத் திருப்புகிறோம். ஆகவே 'துருவ நேர்ப்படுத்தல்' சரியான சொல். அதற்குத் துருவ மீன் தெரிந்தால் சுலபம். சென்னையில் அது சுமார் 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஓர் அடுக்குமாடி இருந்தால் போதும், மறைத்துவிடும்.