ஊதா விளிம்பை நீக்கப் போய்ப் பட்டின் நிறத்தை இழக்காதீர்கள்

அச்சுக்குப் போகும் முன் கல்யாண ஆல்பங்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அண்மைக்காலமாக ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மணப்பெண் உடுத்தியிருப்பது கத்தரிப்பூ நிறப் பட்டு; படத்திலோ அதன் மடிப்புகளின் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கூந்தலில் வைத்த மல்லிகையைச் சுற்றித் தெரிந்த ஊதாக் கோட்டை எடுப்பதற்காக, எடிட் செய்தவர் படத்தைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், ஓர நிறத்தை அடக்கும் 'டீஃபிரிஞ்ச்' பகுதியின் ஊதா ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்திருக்கிறார். மல்லிகை சுத்தமாகிவிட்டது. குடும்பம் பல கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த பட்டின் நிறமும் கூடவே போய்விட்டது.

அந்த ஊதாக் கோடு லென்ஸிலிருந்து வருவது. கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் நீலம் அதிகமாக வளைகிறது, சிவப்பு குறைவாக வளைகிறது. இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. பள்ளியில் நிறப்பிறழ்ச்சி என்று படித்தது இதைத்தான். நியூட்டன் லென்ஸைக் கைவிட்டு, 1668-இல் குழியாடி வைத்துத் தொலைநோக்கி செய்ததற்கும் இதுவே காரணம். லண்டனில் ஜான் டாலண்ட் இருவகைக் கண்ணாடிகளை இணைத்த லென்ஸுக்கு 1758-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் குறை வெகுவாகக் குறைந்தாலும், நாம் வாங்கும் நல்ல லென்ஸ்களிலும் அதன் மிச்சம் இருக்கவே செய்கிறது.

படத்தில் அது இரண்டு விதமாக வெளிப்படுகிறது. மென்பொருளைத் தொடுவதற்கு முன் எது எதுவென்று அடையாளம் காண வேண்டும். என் அனுபவத்தில் பாதி வேலை இதுதான். படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி முதலில் மூலைகளைப் பாருங்கள். மண்டபத்தின் ஜன்னல் கம்பிக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையும் ஓடி, நடுவை நோக்கி வர வர அது மறைந்துபோனால் அது பக்கவாட்டுப் பிறழ்ச்சி. சிவப்பு, பச்சை, நீலப் பிம்பங்கள் மூன்றும் இம்மியளவு வெவ்வேறு அளவில் விழுந்திருக்கின்றன. அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, சிறிதாக்கினாலும் இது போகாது. ஆனால் விவரம் எதுவும் தொலையவில்லை, சற்று இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மென்பொருள் ஒவ்வொரு நிறத்தின் பிம்பத்தையும் சரியான அளவுக்கு நீட்டியோ சுருக்கியோ ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துகிறது. லைட்ரூமில் லென்ஸ் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் உள்ள 'ரிமூவ் குரோமாட்டிக் அபரேஷன்' பெட்டியைத் தட்டினால் போதும். நான் எல்லாப் படங்களுக்கும் தயங்காமல் அதைத் தட்டுகிறேன். இலவச மென்பொருள்களான டார்க்டேபிள், ரா தெரபி இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. போட்டோஷாப்பின் லென்ஸ் கரெக்‌ஷன் ஃபில்டரில் கையால் சரிசெய்பவர்கள் மட்டும், படத்தை வெட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வெட்டிய படத்தின் நடுப்புள்ளி லென்ஸின் நடுப்புள்ளியாக இருக்காது.

மல்லிகையைச் சுற்றித் தெரிவது வேறு வகை. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இலோ 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இலோ முழுதாகத் திறந்து எடுக்கும்போது, ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவற்றின் ஓரத்தில் ஊதாவும் பின்னால் இருப்பவற்றின் ஓரத்தில் பச்சையும் படரும். இது படத்தின் நடுவிலும் வரும். ஜிமிக்கியின் மினுக்கல், வெள்ளை வேட்டியின் ஓரம், வெளுத்த வானத்துக்கு எதிரே தென்னங்கீற்று ஆகியவை இது முதலில் குடியேறும் இடங்கள். இங்கே ஒரு நிறத்தின் பிம்பமே மங்கி வழிந்திருக்கிறது. நகர்த்திப் பொருத்த ஒன்றுமில்லை. டீஃபிரிஞ்ச் ஸ்லைடர் அந்த ஓரத்தின் நிறச்செறிவைக் குறைத்து மறைக்கிறது. அது குணப்படுத்தும் கருவி என்று நம்புவதால்தான் தாராளமாக இழுத்துவிடுகிறோம். வழிந்த ஊதா எது, பட்டின் ஊதா எது என்று அதற்குத் தெரியாது.

அதனால் டீஃபிரிஞ்ச் அளவை அதன் உச்சமான 20 வரை கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான படங்களுக்கு 3 அல்லது 4 போதும். நிற வரம்பை ஊகிக்காமல், சொட்டுக்குழாய்க் கருவியால் ஊதாக் கோட்டின் மேலேயே சொடுக்குங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால் எந்தெந்த இடங்களில் கை வைக்கிறோம் என்பது திரையில் தெரியும். அந்த இடங்களில் புடவை இருந்தால் உடனே நிறுத்திவிட்டு பிரஷ்ஷுக்கு மாறுங்கள். பிரஷ்ஷின் டீஃபிரிஞ்ச் அளவை நேர்மறையில் வைத்து மல்லிகை மேல் மட்டும் தடவலாம். முழுப் படத்துக்கும் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், எதிர்மறையில் வைத்துப் புடவை மேல் தடவினால் அது காப்பாற்றப்படும்.

பெரிதாக அச்சாகும் அட்டைப் படத்துக்கு நான் போட்டோஷாப்பைத்தான் நம்புகிறேன். புது லேயர் ஒன்றைத் திறந்து அது கீழுள்ள படத்தோடு கலக்கும் முறையான பிளெண்டிங் மோடைக் 'கலர்' என்று மாற்றி, பக்கத்திலிருக்கும் கூந்தலின் நிறத்தையே எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஊதாக் கோட்டின்மேல் தீட்டுவேன். ஒளியும் நிழலும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறும். சாம்பல் விளிம்பு வராது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அந்த ஒரு படத்தைத்தான் அந்த வீட்டில் காலமெல்லாம் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்.

படம் எடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அபெர்ச்சரை எஃப் 1.4-இலிருந்து எஃப் 2.8-க்குச் சுருக்கினாலே இந்த ஊதா பெருமளவு அடங்கிவிடும். மணப்பெண்ணை வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்த நேர்ந்தால், வெள்ளைப் பகுதிகள் வெந்துபோகாதபடி எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி, கேமராவின் மூலத் தரவை வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். எடிட்டிங்கை வெளியே கொடுப்பதாக இருந்தால், புடவையின் உண்மையான நிறத்தை ஒரு வரியில் எழுதி, பகல் வெளிச்சத்தில் எடுத்த அதன் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கோ ஓர் ஊரில் இரவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எடிட்டர் அந்தப் புடவையை நேரில் பார்த்ததே இல்லை.