மனநிலைக்கு ஒரு வரைபடம்

"போன மாதம் எப்படி இருந்தீர்கள்?" பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு உள்ளவரிடம் மருத்துவர் கேட்கும் கேள்வி இது. மனம் சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் துவண்டு போகும் நோய் அது. கேட்பது எளிது, பதில் சொல்வதுதான் கஷ்டம். இன்று மனம் துவண்டு கிடந்தால் போன மாதம் முழுக்க இருட்டாகவே நினைவுக்கு வரும். நடுவில் ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் ஓடியாடி, கண்டபடி செலவு செய்தது மறந்தே போயிருக்கும்.

அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். காகிதத்தின் நடுவே ஒரு கோடு. மனம் எழும்பிய நாளுக்குக் கோட்டின் மேலே புள்ளி, சோர்ந்த நாளுக்குக் கீழே. அடியில் தூங்கிய நேரம், சாப்பிட்ட மருந்து, வீட்டில் நடந்த பெரிய நிகழ்வுகள். இது புதிய யோசனை இல்லை. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் நூறு வருடங்களுக்கு முன்பே நோயாளிகளின் பல வருடப் போக்கை இப்படி வரைந்து பார்த்தவர். ஒரு நாள் தெரியும் அறிகுறியைவிட, நோய் வந்து போகும் விதமே அதன் அடையாளம் என்று அவர் நம்பினார்.

சரி, புள்ளிகளை வைத்து என்ன செய்வது? சராசரி எடுத்தால் ஏமாந்துவிடுவோம். சோர்வுக்கு வாரம் ஒரு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம், கூடினால் சோர்வு அதிகம். ஒருவரின் ஆறு வார மதிப்பெண் 4, 4, 4, 16, 16, 16. இன்னொருவருக்கு 4, 16, 4, 16, 4, 16. இருவருக்கும் சராசரி 10. சராசரியிலிருந்து விலகும் அளவும் ஒன்றே. ஆனால் முதலாமவர் ஒரு நிலையில் நுழைந்தால் அங்கேயே தங்குகிறார். இரண்டாமவர் வாரத்துக்கு வாரம் புரட்டிப் போடப்படுகிறார். வித்தியாசம் எண்களில் இல்லை, அவை வந்த வரிசையில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் மைக்கேல் பான்சால் குழுவினர் 2012ல் ஆராய்ந்தது இதைத்தான். நோயாளிகள் வாராவாரம் அனுப்பிய மதிப்பெண்களை எடுத்து, இந்த வார மனநிலை அடுத்த வாரத்தை எந்த அளவுக்கு இழுத்துப் போகிறது என்று கணக்கிட்டார்கள்.

நீண்ட காலம் பார்த்தால்தான் தெரியும் உண்மைகளும் உண்டு. அமெரிக்காவில் பைபோலார் முதல் வகை (எழுச்சி மிகத் தீவிரமாக வரும் வகை) உள்ள 146 பேரைச் சராசரியாக சுமார் 13 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2002ல் வெளியானது. ஏறக்குறைய பாதி வாரங்களில் அவர்களுக்கு ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. சோர்வு வாரங்கள், எழுச்சி வாரங்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நாம் இந்த நோயைக் கொந்தளிப்பாகவே கற்பனை செய்கிறோம். அதில் வாழ்பவர்களோ அறிகுறி உள்ள வாரங்களில் பெரும்பாலும் சத்தமில்லாத சோர்வில் கிடக்கிறார்கள். அதைச் சோம்பல் என்று திட்டும் வீடுகளை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

வரைபடத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது தூக்க வரிசையை. பலருக்கு எழுச்சி தொடங்கும் முன்பே அது குறையத் தொடங்கிவிடும். 7, 7, 6, 4 என்று இறங்கியும் களைப்பே தெரியவில்லையா? அந்த நான்கை எழுதிய அன்றே மருத்துவரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.