காலை உணவுக்கு விண்ணப்பம் கிடையாது

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு கிடைக்க வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நின்றார். அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு வருமான வரம்பு கிடையாது, சாதிச் சான்று கிடையாது, ரேஷன் அட்டை கேட்க வேண்டியதில்லை, விண்ணப்பமும் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளை படித்தால் போதும்.

திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆகவே நகரத்தில் உள்ள உதவி பெறும் பள்ளி "எங்களுக்கெல்லாம் அது கிடையாது" என்றால், அது பழைய பேச்சு.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது ஒரு சொல்லில். "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று பலகையில் எழுதியிருந்தால் அது உதவி பெறும் பள்ளி ஆகிவிடாது. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறதா என்று சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த பிள்ளைக்கும் இந்தச் சாப்பாடு இல்லை.

அடுத்தது ஆறாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளியில் ஒரே வளாகத்தில் எட்டாவது வரை இருக்கும். ஜூன் மாதம் அக்கா ஆறாவதுக்குப் போனதும் அவள் தட்டு நின்றுவிடும். தம்பி சாப்பிடுவதை வாசலில் நின்று பார்ப்பாள். எனக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. சத்துணவு மதியத்துக்கு உண்டு. காலைக்கு வீட்டில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள், பள்ளியில் கிடைக்கும் என்று நம்பிப் பட்டினியாக அனுப்பிவிடாதீர்கள்.

பள்ளி மாறிய பிள்ளைகள்தான் அதிகம் அலைக்கழிக்கப்படுகிறார்கள். செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ குடும்பம் இடம் மாறும். பழைய பள்ளி எமிஸில் (கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு) பெயரை விடுவித்திருக்காது. புதுப் பள்ளியில் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், கணக்கில் இருக்காது. "டிசி வரட்டும், பார்க்கலாம்" என்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5, மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பள்ளிக்கு நீங்கள் ஓட வேண்டாம்; எமிஸில் விடுவிக்கச் சொல்லிப் புதுப் பள்ளித் தலைமையாசிரியரே அங்கே பேசலாம். ஆதார் இல்லை என்றாலும் இதே கதைதான். ஆதார் எண் இல்லாத காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள் என்பதையும் கவனியுங்கள். பஸ் பிடித்து வரும் பிள்ளை தினமும் கடைசியில் வந்து காலிப் பாத்திரத்தைப் பார்க்கிறது. எத்தனை பிள்ளைகள் அந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, எடுத்து வைக்கும்படி தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வாயால் சொன்னது மறுநாளே காற்றில் போய்விடும்.

சாப்பாடு குறைந்தாலோ, வேகாமல் வந்தாலோ யாரிடம் போவது? தலைமையாசிரியர், சமைப்பது மகளிர் குழு என்பார். குழுவினர், பொருள் வரவில்லை என்பார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில், இது சமூக நலத் துறைத் திட்டம் என்பார்கள். அங்கே போனால், பார்ப்பது மகளிர் திட்ட அலுவலகம் என்பார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் பாதி உண்மை, அதனால்தான் யாரும் மாட்டுவதில்லை. இந்தச் சுற்றில் இறங்காதீர்கள். கிராமம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், நகரம் என்றால் ஆணையருக்கும், எங்கே இருந்தாலும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரே மனுவின் நகலைக் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது கிடைக்கும். அது இல்லாமல் திரும்பாதீர்கள். போன் என்றால் முதல்வரின் உதவி மையம் 1100, பள்ளிக் கல்வி உதவி மையம் 14417. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனுவில் "சாப்பாடு சரியில்லை" என்று மட்டும் எழுதினால் மூடிவிடுவார்கள். தேதி, கிழமை, எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், எத்தனை பேருக்குப் பற்றவில்லை, சாம்பார் இருந்ததா என்று எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அதோடு காய்கறி என்பது கணக்கு. உப்புமாவோ பொங்கலோ, வெறும் தண்ணிச் சாம்பாரோடு வந்தால் இந்த அளவைக் காட்டிக் கேட்கலாம்.

சமைக்கிற அக்காவின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைத் தடுத்த கொடுமை 2023-இல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் நடந்தது. கரூரில் ஆட்சியரே நேரில் போய் அந்த அக்கா சமைத்ததைச் சாப்பிட்டார். உங்கள் பள்ளியில் அப்படி நடந்தால், ஆளை மாற்றிச் சமாதானம் செய்ய விடாதீர்கள். அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரக்கூடிய விஷயம். ஆட்சியருக்கு எழுதும் மனுவில் சட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சமைத்தவருக்கு வேலை போய்விட்டதா என்று அடுத்த வாரம் போய்ப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலும் சத்தமில்லாமல் நிறுத்தப்படுவது அவர்தான்.